கீசரை ஸ்மார்ட் சுவிட்சில் இணைப்பதற்கு முன்

எல்.இ.டி. விளக்கைக் கைப்பேசியிலிருந்து இயக்குவதைப் போலவே கீசரையும் இயக்கிவிடலாம் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. 230 வோல்ட்டில் 9 வாட் விளக்கு 0.1 ஆம்பியர்கூட எடுப்பதில்லை. 2000 வாட் கீசரோ 8.7 ஆம்பியரையும், 3000 வாட் கீசர் 13 ஆம்பியரையும் இழுக்கும்.

எங்கள் வீட்டில் ‘16 ஆம்பியர்’ என்று அச்சிடப்பட்ட ஸ்மார்ட் பிளக்கில்தான் 2000 வாட் கீசரை மாட்டியிருந்தோம். ஒருநாள் காலை குளியலறை வாசலில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. கழற்றிப் பார்த்தபோது, சாக்கெட்டில் ஃபேஸ் முனை நுழையும் துளையைச் சுற்றிப் பழுப்பேறி உப்பியிருந்தது. பித்தளை முனையும் கறுத்திருந்தது. பழைய சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்ததே காரணம். தளர்ந்த அந்த இணைப்பில் 0.1 ஓம் மின்தடை இருந்தாலே, 8.7 ஆம்பியர் ஓடும்போது கடுகளவு இடத்தில் ஏறத்தாழ 7.5 வாட் வெப்பம் பிறக்கும். இதை எந்தச் செயலியும் காட்டாது; மின்னோட்டம் கூடாததால், அளவு மீறும்போது தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்சும் விழாது.

ஆகவே பிளக்கைத் தவிர்த்துவிட்டு, வீட்டின் மின் விநியோகப் பெட்டியில் 25 ஆம்பியர் இருமுனைக் காண்டாக்டர் (பெரிய சுமையை இயக்கும் மின்காந்தச் சுவிட்ச்) ஒன்றைப் பொருத்துவதே நான் பரிந்துரைக்கும் வழி. வீட்டு ஹீட்டர்களுக்கு ஏ.சி.-7ஏ என்ற தரப்பிரிவில் 25 ஆம்பியர் குறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கைப்பேசியின் கட்டளையை ஏற்கும் சிறிய சுவிட்சான ஸ்மார்ட் ரிலே, காண்டாக்டரின் காயிலுக்கு (தொடுமுனைகளை இழுத்து இணைக்கும் மின்காந்தச் சுருள்) மட்டும் மின்சாரம் தரும். காயில் எடுப்பது சில வாட்தான் என்பதால் ரிலே சூடாவதில்லை. கீசரின் முழுச் சுமையையும் காண்டாக்டரின் தடித்த தொடுமுனைகள் தாங்கும், அணைக்கும்போது ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் துண்டிக்கப்படும். காண்டாக்டர் லேசாக ரீங்காரமிடும் என்பதால் படுக்கையறைச் சுவரில் வைக்காதீர்கள்.

கீசருக்குத் தனி லைன் இருக்க வேண்டும். 3000 வாட் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் பொதுவாகப் போதும்; கம்பி நீளமாக ஓடினாலோ, மற்ற கம்பிகளோடு ஒரே குழாயில் நெருங்கிக் கிடந்தாலோ 4 சதுர மில்லிமீட்டர் போடச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் நல்ல எர்த்தும் கட்டாயம். குளியலறைக்கு வெளியே இருக்கும் 20 ஆம்பியர் டி.பி. (டபுள் போல், அதாவது இருமுனை) சுவிட்சைக் கழற்றிவிடக் கூடாது. கீசரைக் கழுவவோ பழுதுபார்க்கவோ கை வைப்பதற்கு முன் அணைக்க வேண்டியது அதைத்தான், கைப்பேசியில் உள்ள பொத்தானை அல்ல. இந்த வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படையுங்கள்.

அடுத்தது அமைப்புகள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் கீசருக்குச் சுமார் 18 நிமிடம் பிடிக்கும். எனவே 30 நிமிடத்தில் தானாக அணையும்படி வையுங்கள். இந்த டைமர் ரிலேயின் உள்ளேயே ஓட வேண்டும். இணையம் வழியாக வரும் கட்டளையை நம்பியிருந்தால், வைஃபை போன நேரத்தில் கீசர் எரிந்துகொண்டே இருக்கும். மின்தடைக்குப் பிறகு என்ன நிலை என்ற அமைப்பில் ‘ஆஃப்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். கீசரின் தெர்மோஸ்டாட்டை முழு அளவுக்குத் திருகிவிட்டு டைமரை நம்பாதீர்கள்.

செயலியில் ‘அணைந்தது’ என்று காட்டினாலும், காண்டாக்டரின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலேயில் உள்ள மீட்டர் காயிலின் மின்சாரத்தை மட்டுமே அளப்பதால் அது இதைக் கண்டுபிடிக்காது. கீசர் கம்பியைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் வகை மீட்டரை வைத்து, அணைத்தபின் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடை மட்டும் எந்த ஸ்மார்ட் சுவிட்சிலும் இணைக்காதீர்கள். தண்ணீர் இல்லாத வாளியில் அது எரியத் தொடங்கினாலும், குழந்தை வாளியில் கை விட்டிருந்தாலும், கைப்பேசியை அழுத்துகிறவருக்குத் தெரியாது.