தட்டுப்பாட்டுக் காலத்தில் கிராஃபிக்ஸ் கார்டின் விலையைக் கணக்கிடுவது எப்படி

சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்கொயருக்குப் புறப்படும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் அறிவிக்கும் விலை அமெரிக்க டாலரில், வரி சேராதது. நம் கடைகளின் விலை வெள்ளியில், பொருள் சேவை வரியும் சேர்ந்தது. 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கார்டுக்கு அறிவிக்கப்பட்ட விலை 749 டாலர். ஒரு டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 974 வெள்ளியாகும். 9 விழுக்காடு வரியைச் சேர்த்தால் ஏறத்தாழ 1,060 வெள்ளி. 749 என்ற எண்ணையே மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர், கடைக்காரர் 300 வெள்ளி கூடுதலாக வாங்குவதாகக் கொதிப்பார். உண்மையில் அதில் ஒரு காசுகூடக் கடைக்காரருக்குப் போவதில்லை. அன்றைய நாணய மாற்று விகிதத்தில் இப்படிக் கிடைக்கும் தொகையே உங்கள் அடிப்படை விலை. அதற்கு மேல் கேட்கப்படுவதைத்தான் ஆராய வேண்டும்.

அந்தக் கூடுதலில் ஒரு பகுதி நியாயமானது. தயாரிப்பாளரிடமிருந்து உள்ளூர் விநியோகஸ்தருக்கும் அவரிடமிருந்து கடைக்கும் கார்டு வந்து சேர்கிறது. தட்டுப்பாட்டில் ஒவ்வொரு படியிலும் விலை ஏறக்கூடும். பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புது விலைக்கு விற்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. விற்ற இடத்தை நிரப்ப அவர் அடுத்த கார்டைப் புது விலைக்குத்தானே வாங்க வேண்டும்? அறிவிக்கப்பட்ட விலை வெறும் பரிந்துரைதான். அதைத் தாண்டி விற்பதை இங்கு எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆகவே, விலை அதிகம் என்பதற்காக மட்டும் பயனீட்டாளர் சங்கத்திடம் போவதில் பயனில்லை. விலையைப் பற்றி ஏமாற்றியிருந்தால் கதை வேறு.

நான் ஏற்காதது, விலையை மறைப்பதற்காக வேறு பொருள்களைத் தலையில் கட்டுவதைத்தான். 2021இல் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கேட்டபோது, 180 வெள்ளி விலையிட்ட 850 வாட் பவர் சப்ளையையும் சேர்த்து வாங்கினால்தான் தருவோம் என்றார்கள். என்னிடம் நல்ல பவர் சப்ளை ஏற்கெனவே இருந்தது. புதியது நான்கு மாதம் வீட்டின் காப்பறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உறை பிரிக்காமல் கிடந்து, கடைசியில் பழைய பொருள்களை விற்கும் இணையத்தளமான காரோசெல்லில் 90 வெள்ளிக்குப் போனது. அப்படியென்றால், கார்டுக்கு நான் கொடுத்த உண்மையான விலை பட்டியலில் இருந்ததைவிட 90 வெள்ளி அதிகம். இத்தகைய கட்டாயச் சேர்க்கைகளில், கூட வரும் பொருளின் கடை விலையைக் கழிக்காமல், அதை விற்றால் கைக்கு வரும் தொகையை மட்டும் கழித்துப் பாருங்கள். முழுக் கணினியே வாங்கப் போகிறவருக்கு மட்டும் இந்தச் சேர்க்கை சில சமயம் லாபமாகவே அமையும்.

காத்திருக்கலாமா என்பதற்குத் தட்டுப்பாட்டின் காரணமே விடை சொல்லும். புதிய கார்டு வெளியான வேகத்தில் வரும் பற்றாக்குறை பெரும்பாலும் சில மாதங்களில் தணியும். ஆர்டிஎக்ஸ் 3080 வெளியான 2020 செப்டம்பரில் தொடங்கிய நெருக்கடியோ பெருந்தொற்றும், இத்தகைய கார்டுகளைக் குவித்து ஈத்தரியம் என்ற மின்னாணயத்தை ஈட்டும் மைனிங்கும் சேர்ந்ததால் நீண்டது. 2022இல் மின்னாணயச் சந்தை சரிந்து, செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் மைனிங்கையே கைவிட்டபோது பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்வதால் வரும் தட்டுப்பாடு அப்படித் திடீரென்று முடியாது, ஏனெனில் புதிய ஆலை கட்டப் பல ஆண்டுகள் ஆகும். அதற்காகக் காத்திருப்பது வீண் என்பது என் கருத்து.

சிம் லிம் ஸ்கொயரில் ஒரே மாடியோடு நின்றுவிடாமல் மற்ற மாடிகளிலும் அச்சிட்ட விலைப்பட்டியல்களை வாங்கி, தேதியைப் பாருங்கள். தட்டுப்பாட்டில் போன வாரத்துப் பட்டியல் பழைய காகிதம்தான். கார்டின் முழுப் பெயரையும் நினைவக அளவையும் எழுதி வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் 16 ஜிபியும் உண்டு. அறிவிப்பு விலையிலேயே அவற்றுக்கிடையே 50 டாலர் வித்தியாசம். சொன்ன விலை வரி உட்பட்டதா, கடன் அட்டைக்குக் கூடுதல் கட்டணம் உண்டா, உத்தரவாதம் உள்ளூர் விநியோகஸ்தருடையதா என்று கேளுங்கள். முன்பணம் கட்டச் சொன்னால், விலை மாறாது என்பதையும், குறித்த நாளுக்குள் கார்டு வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் பணம் கட்டாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால், 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு இறக்குமதியின்போது 9 விழுக்காடு வரி உண்டு என்பதை மறக்க வேண்டாம். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதாகலாம். இங்குள்ள கடையில் வாங்கிய கார்டில் 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்றபோதே அது இருந்ததாகச் சட்டம் கருதும். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. தனிமனிதரிடம் வாங்கிய பழைய கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கடைக்காரர் மறுத்தால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகலாம். அங்கே ரசீதுதான் பேசும். அதனால் கடையைவிட்டு வெளியேறும் முன் கார்டின் முதுகிலும் பெட்டியிலும் ரசீதிலும் உள்ள தொடர் எண் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, மூன்றையும் ஒரே படமாகக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.