எல்லா ஃபங்ஷனுக்கும் ஆல்வேஸ் இன்லைன் போடாதீர்கள்: கெர்னல் கோடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் நான் வேலை பார்க்கும் இடத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, "அண்ணே, இன்லைன் வார்னிங் ஒன்றுகூட இல்லை, எல்லாம் போச்சு" என்றான். பார்த்தால், டிரைவரில் இருந்த சின்ன ஃபங்ஷன், பெரிய ஃபங்ஷன் எல்லாவற்றுக்கும் ஆல்வேஸ் இன்லைன் போட்டு வைத்திருக்கிறான். இன்லைன் என்றால் ஃபங்ஷனைக் கூப்பிடாமல் அதன் உடலையே கூப்பிடும் இடத்தில் பதிப்பது, ஆல்வேஸ் இன்லைன் அதைக் கம்பைலருக்குக் கட்டாயமாக்கும். அந்த நேரத்தில் பாலத்தில் ஜாம், அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய்ச் சேர எப்படியும் இருட்டிவிடும். சரி என்று இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினோம்.

அவன்மேல் முழுப் பழியும் போட முடியாது. சிஸ்டத்தின் மையக் கோடான லினக்ஸ் கெர்னலே பல வருடம் அப்படித்தான் இருந்தது. அதற்கான கான்ஃபிக் தெரிவைத் திறக்காதவரை, நாம் வெறும் இன்லைன் என்று எழுதினாலும் ஒரு மேக்ரோ அதைக் கட்டாய இன்லைனாக மாற்றிவிடும். 2019இல் வந்த 5.4இலிருந்து அந்தக் கட்டாயம் போய்விட்டது, இப்போது இன்லைன் என்பது வெறும் வேண்டுகோள், முடிவு கம்பைலர் கையில். பழைய டிரைவரைப் புதுக் கெர்னலுக்குக் கொண்டுவந்து, மேக்ஃபைலில், இன்லைன் ஆகாத ஃபங்ஷனைச் சுட்டிக்காட்டும் டபிள்யூ-இன்லைன் ஃபிளாகையும் சேர்த்தால் வார்னிங் கொட்டத்தான் செய்யும்.

வார்னிங் வந்தவுடன் அதை எப்படி வாயடைப்பது என்று தேடுவதுதான் முதல் தவறு. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த ஃபங்ஷன் இன்லைன் ஆகாவிட்டால் கோடு தப்பாக ஓடுமா, இல்லை கொஞ்சம் மெதுவாக ஓடுமா? மெதுவாக ஓடும் என்றால் பெரும்பாலும் கம்பைலர் சொல்வதே சரி, இன்லைன் என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். மூன்று வரிக்கு மேல் போகும் ஃபங்ஷனுக்கு இன்லைன் வேண்டாம் என்று கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே சொல்கிறது. நாசி கண்டார் கடையில் எல்லாக் குழம்பையும் 'பாஞ்சிர்' (வெள்ளமாக) என்று ஊற்றச் சொல்லலாம், வயிறு தாங்கும், ஓடும் கோடை வைத்திருக்கும் சின்ன வேக நினைவகமான இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் தாங்காது.

தப்பாக ஓடும் இடங்களும் உண்டு. சி கோடுக்குள்ளேயே எழுதும் இன்லைன் அசெம்ப்ளிக்கு மாறிலியாகவே போக வேண்டிய மதிப்பை ஆர்கியுமெண்டாக வாங்கும் ஃபங்ஷன் இன்லைன் ஆகாவிட்டால், 'இம்பாசிபிள் கன்ஸ்ட்ரெயிண்ட்' என்று கம்பைலே நின்றுவிடும். எக்ஸ்86 எண்ட்ரி கோடில் (கெர்னலுக்குள் நுழையும் இடம்) நோஇன்ஸ்ட்ர், அதாவது டிரேஸ் செய்யக்கூடாது, என்று குறித்த ஃபங்ஷன் கூப்பிடும் சின்ன உதவி ஃபங்ஷன் வெளியே போய் உட்கார்ந்தால், டிரேஸ் செய்யக்கூடாத நேரத்தில் டிரேஸ் ஆகும், கம்பைல் ஆன கோடைச் சோதிக்கும் ஆப்ஜ்டூல் கத்தும். இங்கெல்லாம் ஆல்வேஸ் இன்லைன் போடுவது முறைதான்.

செக்ஷன் மிஸ்மேட்ச்தான், அதாவது நிலைத்திருக்கும் கோடு பூட்டோடு போய்விடும் கோடைச் சுட்டுவதுதான், எனக்குப் பயம். பூட் நேரத்துக்கு மட்டும் என்று இனிட் குறி போட்ட ஃபங்ஷனைக் கூப்பிடும் ஒரு குட்டி ஃபங்ஷன் நேற்றுவரை இன்லைன் ஆகி, இனிட் பகுதிக்குள்ளேயே கரைந்து போயிருக்கும். இன்று தனியாக நின்றதும், பில்டின்போது சோதிக்கும் மோட்போஸ்ட் பிடித்துவிடுகிறது. உடனே, தெரிந்தேதான் கூப்பிடுகிறேன் என்று சொல்லும் 'ரெஃப்' குறி ஒன்றைப் போட்டு அதன் வாயை மூடுவார்கள். பூட் முடிந்ததும் இனிட் நினைவகத்தைக் கெர்னல் விடுவித்துவிடும், அதற்கப்புறம் யாராவது அந்த வழியாக வந்தால் இல்லாத கோடுக்குள் குதிக்க வேண்டியதுதான். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் இனிட் என்றால் அந்தக் குட்டிக்கும் இனிட் போடுங்கள். வெளியிலிருந்தும் கூப்பிடுகிறார்கள் என்றால், கூப்பிடப்படும் ஃபங்ஷனிலிருந்து இனிட்டை எடுங்கள். டீபக் செக்ஷன் மிஸ்மேட்ச் கான்ஃபிக்கைத் திறந்தால், ஒரே இடத்தில் கூப்பிடப்படும் ஃபங்ஷன்களை ஜிசிசி கம்பைலர் தானாக இன்லைன் செய்வது நிற்கும், ஒளிந்திருந்த மிஸ்மேட்சுகளும் வெளியே வரும்.

தலைகீழ்ப் பிரச்சினையும் இருக்கிறது. நாம் எதுவும் எழுதாமலேயே கம்பைலர் இன்லைன் செய்து, ஃபங்ஷன் தன் மாறிகளுக்கு எடுக்கும் இடமான ஸ்டாக் ஃப்ரேமை ஊதிவிடும். தனித்தனி ஃபங்ஷனாக இருந்தபோது ஒன்று முடிந்து ஒன்று வந்த இரண்டு பெரிய பஃபர்கள், ஒரே ஃப்ரேமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். 64 பிட்டில் வழக்கமாக 2048 பைட்டைத் தாண்டினால் வார்னிங், 32 பிட்டில் 1024. அந்த எண்ணை கான்ஃபிக்கில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்86 64 பிட்டில் ஒரு த்ரெட்டுக்கு மொத்தமே 16 கேபி ஸ்டாக், மற்றவர்களுக்கும் இடம் வேண்டாமா? பெரிய பஃபர் உள்ள ஃபங்ஷனுக்கு 'நோஇன்லைன் ஃபார் ஸ்டாக்' போடுங்கள். பெயரிலேயே காரணம் இருக்கிறது, தனியாகக் கமெண்ட் வேண்டாம்.

அசெம்ப்ளி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. ஜிசிசி அசெம்ப்ளித் துண்டின் அளவை வரிகளை எண்ணித்தான் மதிப்பிடுகிறது. கடைசியில் ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷனாக முடியும் மேக்ரோவில் செக்ஷன் மாற்றும் வரிகள் பத்து இருந்தால், அடேயப்பா பெரியது என்று இன்லைன் செய்ய மறுத்துவிடும். ஜிசிசி 9இல் வந்த 'அசெம் இன்லைன்' இதற்குத்தான், கெர்னலில் அதற்கு மேக்ரோவும் உண்டு. ஃபங்ஷனைக் கட்டாயப்படுத்தும் முன் இதைப் பாருங்கள்.

ஹெடரில் இன்லைன் என்று அறிவித்துவிட்டு உடலை சி ஃபைலில் வைப்பது சின்னத் தவறு: உடலை ஸ்டாட்டிக் இன்லைனாக ஹெடருக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் இன்லைனை எடுங்கள்.

திருத்திய பிறகு உங்கள் மெஷினில் ஒரு தடவை கம்பைல் ஆனால் போதும் என்று விடாதீர்கள். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசான் திறந்து ஒரு பில்ட், அளவுக்கான ஆப்டிமைசேஷனில் ஒன்று, இன்னொரு கம்பைலரான கிளாங்கில் ஒன்று பாருங்கள், ஏனென்றால் இன்லைன் முடிவு ஒவ்வொன்றிலும் மாறும். பழையதையும் புதியதையும் ப்ளோட்-ஓ-மீட்டர் ஸ்கிரிப்டில் போட்டால் எது எத்தனை பைட் கூடியது என்று தெரிந்துவிடும். அன்றைக்குத் தம்பியின் பேட்சில் கடைசியில் மிஞ்சியது மூன்று ஆல்வேஸ் இன்லைன், மூன்றும் அசெம்ப்ளிக்கு மாறிலி வேண்டிய இடங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஏன் என்று அவனையே ஒரு வரி எழுத வைத்தேன். எழுதி முடிக்கும்போது பாலத்தில் ஜாமும் விட்டிருந்தது.