திருவிழாப் பந்தலில் ஸ்பீக்கர் பாக்ஸை எங்கே வைப்பது?

200 அடி நீளப் பந்தல், மேலே தகரக் கூரை, மேடையில் பட்டிமன்றம். விழாக் கமிட்டிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான்: "எல்லா பாக்ஸையும் மேடைக்கு ரெண்டு பக்கமும் அடுக்கிடுங்கண்ணே, பார்க்க கெத்தா இருக்கும்." கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் முன்வரிசைப் பெரியவர்களுக்குக் காது அடைக்கும். நடுவரின் நகைச்சுவைக்கு முன்பாதிப் பந்தல் சிரிக்கும், பின்பாதி விழிக்கும்.

நான் முதலில் பார்ப்பது உயரம். தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். உட்கார்ந்தவர் காது உயரத்தில், 4 அடியில் டாப்பை (பேஸ் தவிர்த்து, பேச்சும் ட்ரெபிளும் வரும் பாக்ஸ்) வைத்தால், முதல் வரிசை 6 அடியில் இருக்க, 96 அடியில் இருப்பவருக்கு அதைவிட 24 டெசிபல் குறைவு. அதே டாப்பை 14 அடிக்கு ஏற்றுங்கள். முதல் வரிசைக்குத் தூரம் ஏறக்குறைய 12 அடியாகிறது. பின்னால் அநேகமாக மாற்றமில்லை. வித்தியாசம் 18 ஆகிவிடும். டாப்பின் முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, பின்வரிசைப் பக்கம் குறி வையுங்கள். முன்வரிசை குறிக்கு வெளியே விழுவதால் அங்கே இன்னும் அடங்கும். தகரத்தில் பட்டுத் திரும்பும் சத்தமும் குறையும். பேச்சைக் குழப்புவது பெரும்பாலும் அந்த எதிரொலிதான்.

டாப்பைப் பந்தல் கம்பில் கட்டாதீர்கள். தனிச் சாரம் போடச் சொல்லுங்கள். மைக்குகளைவிட டாப் நாலைந்து அடியாவது முன்னால் இருக்கட்டும், இல்லாவிட்டால் மைக் கூவும்.

100 அடிக்கு மேல் சத்தத்தைத் தள்ளிப் பயனில்லை. அங்கே இன்னொரு ஜோடி டாப் வேண்டும், மிக்சரில் டிலே போட்டு, அதாவது அதன் சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக விட்டு. மின்சாரம் கேபிளில் கண நேரத்தில் போய்விடுகிறது. மேடைச் சத்தமோ காற்றில் நடந்து வருகிறது. டிலே இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். எங்கள் கணக்கு, அடிக்கு ஒரு மில்லிசெகண்ட். நம் ஊர் வெக்கையில் 100 அடிக்கு உண்மையில் 87 போதும். அந்த மீதி 13 வீணில்லை: மேடைச் சத்தம் ஒரு நொடித்துளி முந்தி வந்தால், பக்கத்து பாக்ஸ் பாடினாலும் குரல் மேடையிலிருந்து வருவதாகவே காது நம்பும். பின்டாப்பின் அருகே நின்று, மைக்கில் ஒருவரைக் கைதட்டச் சொல்லிப் பாருங்கள். இரண்டு தட்டு கேட்டால் டிலே சரியில்லை. அளவும் அடக்கமாக இருக்கட்டும். அந்த டாப் ஓடுவதே தெரியக்கூடாது, அணைத்தால்தான் தெரிய வேண்டும்.

பேஸ் பாக்ஸ் விஷயத்தில் கமிட்டியோடு சண்டை நிச்சயம். இடது வலதாகப் பிரித்து வைத்தால் நடுப்பாதையில் நெஞ்சு அதிரும், அதற்கு இருபுறமும் சில இடங்களில் பேஸே காணாது. ஒட்டி ஒட்டி மேடைக்கு முன்னால் நடுவில், தரையிலேயே வையுங்கள். பட்டிமன்றத்துக்கு மட்டும் என்றால் நான் பேஸை இறக்குவதே இல்லை. இன்னிசைக் கச்சேரிக்கு வேண்டும்.

வெறும் பந்தலில் சரிபார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். கூட்டம் நிறைந்ததும் உடம்பும் உடையும் மேல்ஸ்தாயியை விழுங்கும், 'ச', 'ஸ' மங்கும். முதல் பேச்சாளர் பேசும்போதே கடைசி வரிசை வரை ஒரு நடை போய், பின்டாப்புக்கு மட்டும் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.