தோட்டப் பட்டணத்திலிருந்து அமெரிக்காவுக்கு விற்பவர்களுக்கு: இஐஎன் வரி எண்ணை நீங்களே எடுக்கலாம்

சுங்கை சிப்புட், பீடோர், லாபிஸ் போன்ற தோட்டப் பட்டணங்களில் வீட்டிலிருந்தபடியே மணிமாலை கோத்தும், ஆரி வேலை ரவிக்கை தைத்தும் வெளிநாட்டுக்கு ஆன்லைனில் விற்பவர்கள் இன்று நிறையப் பேர். வியாபாரம் கொஞ்சம் சூடுபிடித்ததும் "உங்களிடம் இஐஎன் இருக்கிறதா?" என்று யாராவது கேட்பார்கள். உடனே ஃபேஸ்புக்கில் ஒரு ஏஜெண்டு முளைப்பார். நூற்றுக்கணக்கான வெள்ளி கேட்பார். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இஐஎன் என்பது அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் தொழில்களுக்குத் தரும் 9 இலக்க எண். அதற்கு ஐஆர்எஸ் ஒரு காசும் வாங்குவதில்லை. எஸ்எஸ்-4 என்ற ஒரே ஒரு பாரம்தான் வேலை.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா?

பலருக்கு வேண்டாம். மலேசியாவில் சொந்தப் பெயரில் தொழில் செய்து, எட்ஸி, இபே, அமேசான் போன்ற தளங்களில் விற்பவரிடம் தளம் கேட்பது பெரும்பாலும் டபிள்யூ-8பென் படிவம் மட்டும்தான். "நான் அமெரிக்கர் அல்ல" என்று உறுதி சொல்லும் தாள் அது. அதில் 6ஏ கட்டத்தில் உங்கள் மலேசிய வரி எண்ணை, அதாவது உள்நாட்டு வருவாய் வாரியமான எல்எச்டிஎன் தரும், ஐஜி என்று தொடங்கும் எண்ணை எழுதினால் போதும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை அது செல்லும். பிறகு புதிதாகத் தர வேண்டும்.

அந்தப் படிவத்திலேயே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் பகுதியில் வரி ஒப்பந்தச் சலுகை கேட்கும் கட்டம் இருக்கும். யூடியூபில் இந்தியாக்காரர் ஒருவர் நிரப்பிக் காட்டியதைப் பார்த்து நாமும் ஒரு விழுக்காட்டைப் போட்டுவிடுகிறோம். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் கிடையாது. ஆகவே அந்தப் பகுதியை வெறுமையாக விடுங்கள். மின்னூல் விற்று ராயல்டி பெறுபவருக்கு அமெரிக்க வாசகர்களிடமிருந்து வரும் ராயல்டியில் 30% பிடிப்பார்கள். இஐஎன் எடுத்தாலும் அது குறையாது. மலேசியாவில் செய்து அனுப்பும் சரக்கின் விற்பனைப் பணத்துக்கு இந்தப் பிடித்தம் வராது.

இஐஎன் உண்மையில் தேவைப்படும் இடங்கள் வேறு. சரக்கை மொத்தமாக அமெரிக்கக் கிடங்குக்கு உங்கள் பெயரிலேயே இறக்குமதி செய்யும்போது சுங்கத் துறையின் 5106 படிவத்தில் ஓர் அடையாள எண் வேண்டும். அது இஐஎன் ஆகவோ சுங்கத் துறையே தரும் எண்ணாகவோ இருக்கலாம். அமேசான் உங்களுக்காக இறக்குமதியாளராக நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டதால், மொத்தமாக அனுப்புவதைப் பற்றி இப்போது பலர் யோசிக்கிறார்கள். அமெரிக்காவில் எல்எல்சி எனும் வரையறுத்த பொறுப்பு நிறுவனம் தொடங்கினாலும், அங்கே தொழில் வங்கிக் கணக்குத் திறந்தாலும், ஏதாவது ஒரு மாநிலத்தின் விற்பனை வரிப் பதிவுக்கு விண்ணப்பித்தாலும் இந்த எண்ணைக் கேட்பார்கள்.

கையில் இருக்க வேண்டியவை

மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தொழில் பதிவு முதலில். அதன் எஸ்பிஸ் தளத்தில் பதியலாம். சொந்தப் பெயரிலேயே தொழில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனி வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். எல்எச்டிஎன் எண் இல்லையென்றால் மைடேக்ஸ் தளத்தில் இ-டஃப்தார் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்எம் சான்றிதழ், ஐசி, பாஸ்போர்ட் மூன்றையும் மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, மூன்றிலும் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைப் பார்க்காமல் விடுவதால்தான் பின்னால் அதிகத் தொல்லை வருகிறது. நம் ஐசியில் பெயருக்கு நடுவில் மகன் என்பதற்கு ஏ/எல் அல்லது மகள் என்பதற்கு ஏ/பி இருக்கும். ஐஆர்எஸ் தொழில் பெயர்களைப் பதியும்போது எழுத்து, எண், இணைப்புக் கோடு, '&' குறி ஆகியவற்றை மட்டுமே ஏற்கும்; சாய்கோடு ஏறாது. 'கலைவாணி ஏ/பி முனுசாமி' என்று நீங்கள் எழுதினால், பதிபவர் ஏபி என்று சேர்த்தும் போடலாம், இடம் விட்டும் போடலாம், அதையே விட்டுவிடவும் செய்யலாம். பிறகு தளத்தின் வரிப் பக்கத்தில் நீங்கள் வேறு மாதிரி எழுதினால் பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். ஆகவே நீங்களே முந்திக்கொண்டு சாய்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு 'கலைவாணி ஏபி முனுசாமி' என்று எழுதுங்கள். பாரம், தளம், வங்கி எங்கே போனாலும் அதே எழுத்துக்கூட்டல், அதே இடைவெளி.

முகவரியும் அப்படித்தான். லயத்து வீடுகளுக்குத் தனித் தபால் வராது; தோட்ட ஆபீஸுக்கு மொத்தமாக வந்து, கிராணி பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஐஆர்எஸ் கடிதம் அங்கே ஒரு தபால் கட்டுக்குள் கிடந்து தொலைந்தால் மறுபடி வாங்குவது பெரிய அலைச்சல். பட்டணத்துத் தாமானில் இருக்கும் அக்கா வீட்டு முகவரியோ தபால் நிலையப் பெட்டி எண்ணோ இருந்தால் அதைக் கொடுப்பது நல்லது. பாரத்தில் அதற்கு இடம் உண்டு.

பாரத்தைக் கட்டம் கட்டமாக நிரப்புவது

ஐஆர்எஸ் தளத்திலிருந்து எஸ்எஸ்-4 பாரத்தையும் அதன் விளக்கத் தாளையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்புங்கள். சொந்தப் பெயரில் எஸ்எஸ்எம் பதிந்தவருக்கு ஏற்றபடி கீழே சொல்கிறோம்.

கட்டம் 1-இல் உங்கள் பெயர்; கடைப் பெயர் அல்ல. எஸ்எஸ்எம்மில் பதிந்த கடைப் பெயர் கட்டம் 2-க்குப் போக வேண்டும். கடிதம் வேறொருவர் வீட்டுக்கு வருவதென்றால் அவர் பெயர் கட்டம் 3-இல், "மேற்பார்வை" என்ற பொருளில். 4ஏ, 4பி தபால் முகவரிக்கு. ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு, நாடு என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: சுங்கை சிப்புட், பேராக், 31100, மலேசியா. நாட்டின் பெயரைச் சுருக்கக் கூடாது. 5ஏ, 5பி தொழில் நடக்கும் இடம். தபால் முகவரியிலிருந்து வேறாக இருந்தால் மட்டும் எழுதினால் போதும், இங்கே தபால் பெட்டி எண் கூடாது. கட்டம் 6-இல் பேராக், மலேசியா.

7ஏ பொறுப்பாளர் பெயர். அது நீங்கள்தான், கட்டம் 1-இல் எழுதியதை அப்படியே எழுதுங்கள். 7பி அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் அல்லது ஐடிஐஎன் எனும் தனிநபர் வரி எண் கேட்கும். இந்த ஒரு கட்டத்தைப் பார்த்தே பலர் பயந்து ஏஜெண்டிடம் போகிறார்கள். இரண்டும் இல்லாத வெளிநாட்டவர் 'ஃபாரின்' என்று எழுதுவது வழக்கம். ஐசி எண்ணை எழுதாதீர்கள். அதுவும் ஒன்பது இலக்கமாக வெட்டி எழுதவே கூடாது.

8ஏ-யில் எல்எல்சி அல்ல என்று குறியுங்கள். 9ஏ-யில் 'சோல் புரோப்ரைட்டர்'. அதன் பக்கத்திலும் எண் கேட்கும். அமெரிக்காவில் தொழில் நடத்தி வருமானம் ஈட்டாத வெளிநாட்டவர் அதை நிரப்ப வேண்டியதில்லை என்று விளக்கத் தாளே சொல்கிறது. கட்டம் 10-இல் ஒரே ஒரு காரணத்தை மட்டும் குறியுங்கள். புதுத் தொழில் என்றால் 'ஸ்டார்ட்டட் நியூ பிஸினஸ்', அதன் பக்கத்தில் ஆன்லைன் சில்லறை விற்பனை என்று ஆங்கிலத்தில்.

கட்டம் 11 தொழில் தொடங்கிய தேதி. அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் அடுத்து. நம் வழக்கப்படி மார்ச் 7-ஐ 07/03 என்று எழுதினால் அங்கே அது ஜூலை 3. எஸ்எஸ்எம் சான்றிதழில் உள்ள தேதியையே மாதத்தை முன்னே மாற்றி எழுதுங்கள். கட்டம் 12 கணக்காண்டு முடியும் மாதம்: டிசம்பர். கட்டம் 13-இல் வேலையாட்கள் மூன்று இடத்திலும் 0. 14-ஐத் தாண்டிவிடலாம். 15-இல் பொருந்தாது என்று குறியுங்கள். 16-இல் 'ரீடெயில்', ஆன்லைன் விற்பனையும் அதில்தான் அடங்கும். 17-இல் என்ன விற்கிறீர்கள் என்பதைத் திட்டமாக எழுதுங்கள்: கையால் செய்த மணி நகைகள் என்பது போல. 'ஜெனரல் டிரேடிங்' என்று எழுதினால் மேலும் கேள்வி வரும். 18-இல், முன்பு இஐஎன் வாங்கியதில்லை என்றால் 'நோ'.

அடியில் மூன்றாம் நபருக்கு அதிகாரம் கொடுக்கும் பகுதியை வெறுமையாக விட்டு, கையெழுத்திட்டு, +60 சேர்த்துத் தொலைபேசி எண் எழுதுங்கள்.

அனுப்பும் வழி: போன்தான் சிறந்தது

ஐஆர்எஸ் தளத்திலுள்ள ஆன்லைன் விண்ணப்பம் நமக்கு உதவாது. அமெரிக்காவில் தொழில் இடமும் அங்கத்திய வரி எண்ணும் இருப்பவர்களுக்குத்தான் அது. பொய்யாக ஓர் அமெரிக்க முகவரி போட்டு உள்ளே போகச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள்.

வெளிநாட்டு விண்ணப்பதாரர்களுக்கு மட்டும் போனிலேயே எண் தருகிறார்கள். அழைக்க வேண்டிய தொலைபேசி எண்: +1 267-941-1099. இலவச அழைப்பு அல்ல. உங்கள் கைப்பேசி நிறுவனத்தின் அமெரிக்கக் கட்டணத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், காத்திருக்கும் நேரத்துக்கும் காசு ஓடும். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 6 முதல் இரவு 11 வரை எடுப்பார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கு 12 மணி நேர வித்தியாசம்; ஆக நம் மாலை 6 மணிக்குத் திறக்கிறது. மற்ற மாதங்களில் மாலை 7 மணி. திறந்தவுடன் கூப்பிடுவது நல்லது. சனிக்கிழமை காலையிலும் கூப்பிடலாம், அங்கே அப்போது வெள்ளி இரவு. திங்கள் காலையில் கூப்பிட்டால் ஆள் இருக்காது.

நிரப்பிய பாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர் பாரத்தின் வரிசையிலேயே கேட்பார். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது பி, டி, வி மூன்றும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். 'வி ஃபார் விக்டர்', 'எம் ஃபார் மலேசியா' என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்தால் தடுமாற மாட்டீர்கள். ஆங்கிலம் சரளமாக வரவேண்டும் என்பதில்லை. நிதானமாகப் பேசினால் போதும். எண்ணைச் சொன்னதும் இரண்டு இலக்கம், ஒரு கோடு, ஏழு இலக்கம் என்று எழுதித் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். பெயரையும் அவர் பதிந்தபடி ஒருமுறை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். ஏபி எங்கே போனது என்று அப்போதே தெரிந்துவிடும்.

போனில் பேசத் தயக்கமென்றால் ஃபேக்ஸ். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அனுப்பும் எண் +1 304-707-9471. பதில் வர உங்கள் ஃபேக்ஸ் எண்ணையும் பாரத்தில் எழுத வேண்டும். நான்கு வேலை நாளில் பதில் என்பது ஐஆர்எஸ் கணக்கு. கூட்டம் அதிகமான காலத்தில் வாரக்கணக்காகும். இணைய ஃபேக்ஸ் சேவையின் இலவசச் சோதனைக் காலத்தை நம்பி அனுப்பினால், பதில் வருவதற்குள் அந்த எண் செத்துவிடும். தபாலில் அனுப்பினால் நான்கைந்து வாரம். எந்த வழியானாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஃபேக்ஸும் அனுப்பி, பொறுமையிழந்து போனும் செய்தால் ஒரே தொழிலுக்கு இரண்டு எண் வந்து விழும். எதைப் பயன்படுத்துவது என்று பின்னால் குழம்புவீர்கள்.

எண் கிடைத்த பிறகு

சிபி 575 என்ற உறுதிக் கடிதம் தபாலில் வரும். இது ஒருமுறைதான் வரும். வந்த அன்றே ஸ்கேன் செய்து வையுங்கள். தொலைந்தால் ஐஆர்எஸ்ஸை அழைத்து 147சி கடிதம் கேட்கலாம். வீடு மாறினால் 8822-பி படிவம்.

இஐஎன் இருப்பதால் விற்பனை வரிப் பதிவு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். விற்பனை வரி மாநிலங்களின் விஷயம். பெரிய தளங்களில் விற்றால் பெரும்பாலும் தளமே பிடித்துக் கட்டிவிடும். சொந்த இணையக் கடை வைத்திருப்பவர்தான் மாநிலவாரியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த வேஃபேர் தீர்ப்புக்குப் பிறகு அந்த மாநிலத்தில் கடையே இல்லாதவரிடமும் இந்த வரியைக் கேட்கலாம். முறுக்கு, மசாலாத் தூள் அனுப்புபவர்களுக்கு உணவு, மருந்து நிர்வாகத்தின் விதிகள் தனி.

எல்எல்சி பற்றி ஓர் எச்சரிக்கை. வயோமிங்கில் நிறுவனம் தொடங்கித் தருகிறோம் என்பவர்கள் சொல்லாமல் விடுவது இது: ஒரே வெளிநாட்டவருக்குச் சொந்தமான எல்எல்சி, லாபமே இல்லாவிட்டாலும், உரிமையாளர் போட்ட முதல் உட்படத் தனக்கும் அவருக்கும் நடந்த கொடுக்கல் வாங்கலை ஆண்டுதோறும் 5472 படிவத்தில், 1120 படிவத்தின் முகப்போடு சேர்த்துத் தர வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். மாதம் சில நூறு டாலருக்கு விற்பவருக்கு இந்தச் சுமை தேவையே இல்லை. ஏற்கெனவே தொடங்கிவிட்டவர் எஸ்எஸ்-4 பாரத்தின் 9ஏ-யில் 'அதர்' என்பதைக் குறித்து, 'ஃபாரின் ஓன்ட் யு.எஸ். டிஸ்ரிகார்டட் என்டிட்டி, ஃபாரம் 5472' என்று எழுத வேண்டும்.

பிரிட்டனுக்கும் சிங்கப்பூருக்கும் விற்பவர்களுக்கு

பிரிட்டனில் கதை வேறு. அங்குள்ளவர்களுக்கு 90,000 பவுண்டு விற்பனை வரை வாட் எனும் மதிப்புக் கூட்டு வரிப் பதிவு கட்டாயமில்லை. வெளிநாட்டு விற்பனையாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. சொந்த இணையக் கடையிலிருந்து 135 பவுண்டுக்குள் அடங்கும் பார்சலை அங்குள்ள வாடிக்கையாளருக்கு நேரே அனுப்பினால் முதல் விற்பனையிலிருந்தே 20% வாட். தளத்தின் வழியாக விற்றால் அதைத் தளம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அங்கே கிடங்கில் சரக்கு வைத்தால் நீங்களும் பதிய வேண்டும். வாட் எண் கைக்கு வரும்வரை பில்லில் வாட் என்று தனியாகக் காட்டக் கூடாது. விலையில் சேர்த்து வாங்கி, எண் வந்ததும் பில்லைத் திருத்திக் கொடுங்கள்.

சிங்கப்பூரைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் உலகளாவிய விற்பனை ஆண்டுக்கு 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியையும், அங்குள்ள வாடிக்கையாளர்களுக்கு விற்றது 1 லட்சத்தையும் தாண்டினால்தான் வெளிநாட்டு விற்பனையாளராக ஜிஎஸ்டி பதிவு.

எந்த நாட்டு எண் வாங்கினாலும் மலேசியக் கணக்கு நிற்காது. தொழில் வருமானத்தை பாரம் பி-யில் ஜூன் 30-க்குள், இ-ஃபைலிங் என்றால் ஜூலை 15-க்குள் காட்ட வேண்டும். தளத்தின் மாத அறிக்கை, கூரியர் ரசீது, டாலர் ரிங்கிட்டாக மாறிய வங்கி விவரம் எல்லாவற்றையும் 7 ஆண்டு வைத்திருங்கள்.