டெரிஞ்சர் ஆசை: குட்டித் துப்பாக்கி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெரிஞ்சரைப் பற்றி இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் விசாரிப்பவர்கள் இரண்டு வகை. தாத்தாவின் பெட்டியிலோ பழைய வீட்டுப் பரணிலோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு துப்பாக்கியைக் கண்டெடுத்து, என்ன செய்வதென்று முழிப்பவர்கள் ஒரு வகை. யூடியூபில் பார்த்துவிட்டு, "சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கே, நமக்கு ஒன்று கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. தவறுகள் பெரும்பாலும் இரு தரப்புக்கும் பொதுவானவை.

பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் 19-ஆம் நூற்றாண்டில் செய்து விற்ற ஒற்றைக் குழல் பைத் துப்பாக்கிதான் இந்த வகைக்கு மூலம். படங்களில் நாம் பார்க்கும், ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைக் குழல் வைத்த வடிவம் ரெமிங்டன் நிறுவனத்துடையது. 1866 முதல் 1935 வரை செய்தார்கள். ஒன்றரை லட்சம் அளவுக்கு விற்றது. குழல் நீளம் 3 அங்குலம், எடை 300 கிராம் சொச்சம். பக்கவாட்டில் உள்ள நெம்பைத் திருப்பினால் குழல்கள் கீல் வைத்த கதவைப்போல மேல்நோக்கித் திறக்கும். தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல் ஒன்றுதான், குழல் இரண்டு. ஒவ்வொரு முறை சுத்தியலை இழுக்கும்போதும் உள்ளே உள்ள ஊசி இடம் மாறி, ஒரு தடவை மேல் தோட்டாவையும் அடுத்த தடவை கீழ்த் தோட்டாவையும் அடிக்கும். இந்த வேலைப்பாட்டைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மாட்டிக்கொள்ள மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) கிடையாது, சுழலுகிற உருளை கிடையாது. கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை என்று தோன்றும்.

சின்னது என்றால் சுலபம் என்று நினைப்பது

"கைக்கு அடக்கமாக இருக்கு, பெண்களுக்கும் வயசானவங்களுக்கும் ஏற்றது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுடுவதற்கு இதைவிடச் சிரமமான கைத்துப்பாக்கி குறைவு. பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம். எடை இல்லாததால் பின்னுதைப்பு முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். குறிபார்க்க முனையில் ஒரு சின்னப் புடைப்பு, பின்னால் ஒரு கீறல். மங்கிய வெளிச்சத்தில் இரண்டுமே தெரியாது. சுட விரலால் அழுத்தும் விசை கனமாக இருக்கும். பழைய வகையில் ஒவ்வொரு வெடிக்கும் முன்பாகச் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். வியர்வையிலோ மீன் வழுவழுப்பிலோ ஈரமான கட்டைவிரல் வழுக்கினால், சுத்தியல் பாதியிலேயே விழும்.

சக்தியும் நினைக்கிற அளவுக்கு இல்லை. ரெமிங்டன் டெரிஞ்சருக்கான .41 அங்குல ரிம்ஃபயர் (பின்புற விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும்) தோட்டாவின் குண்டு விநாடிக்குச் சுமார் 425 அடி வேகத்தில்தான் போகும். ஒலியின் வேகத்தில் பாதிகூட இல்லை. இந்தக் குறையைப் போக்க இன்றைய அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பெரிய பெரிய தோட்டாக்களுக்கு டெரிஞ்சர் செய்கிறார்கள். குழல் குட்டையாக இருப்பதால் வெடிமருந்தின் ஒரு பங்கு குழலுக்கு வெளியே வந்துதான் எரிகிறது: கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், காதைப் பிளக்கும் சத்தம், கைக்கு வலி. குண்டின் வேகமோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

பிறகு, இரண்டே வெடி. அதன்பின் திறந்து, காலித் தோட்டாவை எடுத்து, புதிதைப் போட்டு மூட வேண்டும். பதற்றத்தில் இருப்பவரால் அது ஆகாத காரியம். 1865 ஏப்ரல் 14 இரவு ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தின் கையில் இருந்தது ஒற்றை வெடி டெரிஞ்சர். சுட்ட மறுகணமே அது அவனுக்குப் பயனற்ற இரும்பாகிவிட்டது. பக்கத்தில் இருந்த மேஜர் ராத்போன் பாய்ந்து பிடித்தபோது அவன் உருவியது கத்தியை. கொலைகாரனுக்கே ஒரு வெடிக்குமேல் உதவாத ஆயுதத்தைத் தற்காப்புக்கு நம்புவது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

மடியில் செருகிக்கொள்வது

கைலி மடிப்பிலோ வேட்டி இடுப்பிலோ செருகலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ரெமிங்டன் வடிவில் விசையைச் சுற்றிக் காப்பு வளையம் கிடையாது. சுத்தியலை முழுக்க இறக்கி வைத்தால், ஊசியின் முனை தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டபடி உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் சிமெண்டுத் தரையில் சுத்தியல் படும்படி விழுந்தால் வெடித்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் சுத்தியலைப் பாதி இழுத்த நிலையில் நிறுத்தும் ஒரு வெட்டு உள்ளே இருக்கிறது. நூறு வருஷத் தேய்மானத்துக்குப் பிறகு அந்த வெட்டை நம்ப முடியாது. கீல் பகுதியில் மயிரிழை விரிசல் இருப்பதும் இந்த மாடலின் பெயர்பெற்ற நோய். விரிசல் இல்லாத கீலோடு ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கொண்டாடுவார்கள். இன்றைய நல்ல தயாரிப்புகளில் தனிப் பூட்டும், தானாகப் பின்வாங்கும் சுத்தியலும் உண்டு. பழையதில் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

கடலுக்குப் போகும்போது வள்ளத்திலோ விசைப்படகிலோ "ஒரு தைரியத்துக்கு" எடுத்துப் போகலாமா என்ற கேள்வியும் வருகிறது. கூடவே கூடாது. பாக் நீரிணையில் இந்தியக் கடலோரக் காவல்படை, கடற்படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என மூன்று தரப்பும் சோதனை போடுகின்றன. நீரோட்டம் இழுத்து எல்லை தாண்டி இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால், மீன்பிடி வழக்கு ஆயுத வழக்காகிவிடும். அப்புறம் வக்கீல் வைத்தாலும் கஷ்டம்தான்.

"பழசுதானே, லைசென்ஸ் வேண்டாம்" என்பது

நான் கேட்டவற்றில் மிக அதிகமான, மிக அபாயமான தவறு இதுதான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 45-ல் பழங்கால ஆயுதங்களுக்கு ஒரு விலக்கு தருவது உண்மை. ஆனால் அந்த வாசகத்தை முழுதாகப் படிக்க வேண்டும்: வழக்கொழிந்த வடிவமாகவோ, தொன்மை மதிப்புள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாததாக இருக்க வேண்டும். ஊசி உடைந்திருந்தாலும் அதைப் பட்டறையில் செய்து போட்டுவிட முடியும் என்றால் அது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். தாத்தா ஜமீனில் வேலை பார்த்தார், ரங்கூனிலிருந்து கொண்டுவந்தார் என்ற கதையெல்லாம் உரிமம் ஆகாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

அப்படியானால் பரணில் கிடைத்ததை என்ன செய்வது? முதலில், அதில் மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குழல் முனை வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகையில், உள்ளே குண்டு இருப்பது வெளியிலிருந்து தெரியாது. ஈரம் படாத கரிமருந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் வெடிக்கும். துடைக்கிறேன், சுத்தியலை இழுத்துப் பார்க்கிறேன் என்று இறங்க வேண்டாம். பையில் போட்டு பஸ் ஏறவும் வேண்டாம், எடுத்துப்போவதே உடைமைதான். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்களை வரவழைத்து, எழுத்தில் ரசீது வாங்குங்கள். உரிமம் வைத்திருந்தவர் காலமாகி, துப்பாக்கி வீட்டிலேயே இருந்தாலும் இதே நிலைதான். பிரிவு 21-ன்படி தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் பறிபோய்விடும் என்ற பயம் தேவையில்லை. வாரிசு தன் பெயரில் உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம், அல்லது உரியவருக்கு விற்கலாம்.

லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்வதோ, பொம்மைத் துப்பாக்கியைத் துளைபோட்டு நிஜமாக்குவதோ, குழலை வெட்டிக் குறைப்பதோ தனிக் குற்றம். செய்துகொடுத்தவரும் சேர்ந்தே மாட்டுவார்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப் பார்ப்பது

கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் என்பதால் இந்த யோசனை இயல்பாகவே வரும். சாதாரணக் குடிமகன் துப்பாக்கி இறக்குமதி செய்ய 1980-களிலிருந்தே வழி இல்லை. பெயர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் சலுகை. டெரிஞ்சர் வடிவில் வரும் சிகரெட் லைட்டரைக்கூடக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறப் போகாதீர்கள். ஸ்கேனர் திரையில் அது துப்பாக்கிதான்.

தோட்டாவை யோசிக்காமல் துப்பாக்கியை யோசிப்பது

உரிமம் மாவட்ட ஆட்சியரிடம் கேட்க வேண்டியது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்று காட்ட வேண்டும். கிடைத்தாலும் கைத்துப்பாக்கியில் பொதுமக்களுக்கு அனுமதி .32, .22 போன்ற அளவுகளுக்கே. .38, .45, 9 மி.மீ. எல்லாம் தடை செய்யப்பட்டவை. நவீன டெரிஞ்சர்களில் பாதி இந்தத் தடையிலேயே அடிபட்டுப் போகும். பழைய .41-க்கோ இங்கே தோட்டாவே இல்லை. "கிட்டத்தட்டப் பொருந்துதே" என்று வேறு அளவுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், விரிசல் விட்ட கீலோடு குழல் முகத்தை நோக்கி வரும். நிஜமாகவே தற்காப்பு தேவைப்படுபவருக்கு, கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் இருக்கிறது. அதில் 2014-ல் வந்த நிர்பீக் என்ற மாடல் அரைக் கிலோ எடை, ஆறு தோட்டா. அழகில் டெரிஞ்சருக்கு ஈடாகாதுதான். தோட்டா கிடைக்கும், பழுது பார்க்க ஆள் இருக்கும்.

உப்புக்காற்றை மறப்பது

சரி, உரிமத்தோடு ஏதோ ஒரு சின்னத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்ட் அடித்துப் பராமரித்தும், தூக்குப் பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ ஓர் அலமாரியில் வைத்த இரும்பு எம்மாத்திரம்?

சின்னத் துப்பாக்கியில் துரு முதலில் பிடிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது: ஊசி ஓடும் துளை, கீல் ஆணி, சுத்தியலின் அடிப்பகுதி. மேலே நிக்கல் பூச்சு பளபளக்கும். ஓரத்தில் ஒரு கொப்புளம் தெரிந்தால், அடியில் அரிப்பு ஏற்கெனவே பரவிவிட்டது என்று பொருள். மலிவான டெரிஞ்சர்களின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. உப்புக்காற்றில் வெள்ளைப் பொடி பூத்து நிற்கும், அதைச் சரிசெய்ய முடியாது.

தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது பலர் செய்யும் தப்பு. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக் காக்கும். உறையைத் தனியாக வையுங்கள். வியர்வைக் கையால் தொட்ட அன்றே துடைத்து, துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாகத் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகி ஊசியை ஒட்டவைக்கும். தோட்டாவில் எண்ணெய் படக்கூடாது, அது உள்ளே கசிந்து பற்றுமருந்தைக் கெடுத்துவிடும். பித்தளையில் பச்சை பூத்த தோட்டாவைச் சுரண்டித் துடைத்துப் போடாமல், வாங்கிய வியாபாரியிடமே கேளுங்கள். தோட்டாவும் துப்பாக்கியும் வேறு வேறு பூட்டில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். எண்ணெய் போடாமல் அவசரத்தில் கொடுத்துவிட்டால், வாக்கு எண்ணிக்கை முடிந்து திரும்ப வாங்கும்போது கீல் இறுகியிருக்கும். ஒப்படைக்கும் முன்பு சுத்தம் செய்து எண்ணெய் தடவுங்கள். வரிசை எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று ரசீதை அங்கேயே படித்துப் பார்த்து வாங்குங்கள்.