லேப்டாப்பில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா?

புதிதாக மாட்டிய டிஸ்க் தெரியவில்லை என்றதும் அது போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் செட்டிங்ஸ் திரை) பாருங்கள். அங்கே பெயர் வந்தால், வேலை விண்டோஸில்தான் பாக்கி. விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். புது டிஸ்க் என்றால் 'நாட் இனிஷியலைஸ்டு' என்றிருக்கும். வலது கிளிக் செய்து இனிஷியலைஸ் கொடுங்கள்; டிஸ்கைப் பிரிக்கும் முறை எது என்று கேட்டால் ஜிபிடியே நல்லது, பழைய முறையான எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது. அப்புறம் கறுப்புப் பட்டையில் 'நியூ சிம்பிள் வால்யூம்'.

பழைய டிஸ்க், உள்ளே ஃபைல்கள் இருக்கின்றன என்றால் இனிஷியலைஸோ புது வால்யூமோ கொடுக்காதீர்கள்! நீலப் பட்டை இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், டிரைவ் லெட்டர் கொடுத்தாலே போதும்.

சரி, பயாஸிலும் இல்லையா? லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, டிஸ்கைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். டிவிடி டிரைவ் இடத்தில், டிஸ்கைத் தாங்கும் சட்டமான கேடி போட்டிருந்தால் (பெயருக்கேற்ற ஆள்தான்) அதன் ஓரத்தையும் பாருங்கள். சில கேடிகளில் அரிசி அளவில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைத் தள்ளியதும் என் டிஸ்க் வந்துவிட்டது; அதற்குள் அரை நாள் போயிருந்தது.

எம்.2 எஸ்எஸ்டி (சூயிங் கம் பட்டை போன்ற சின்ன டிஸ்க்) என்றால், அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகைகள் உண்டு; அந்த ஸ்லாட் எதற்கு என்று லேப்டாப் மேனுவலில் பாருங்கள். வகை மாறினால், கச்சிதமாகப் பொருந்தினாலும் டிஸ்க் தெரியாமல் போகலாம்.