கண்டியிலும் மாத்தளையிலும் கறிச்சரக்கு பார்த்து வாங்குவது எப்படி

சமையலுக்கு வேண்டிய கறிச்சரக்கு அனைத்தையும் இன்று சுப்பர் மார்க்கட்டில் பொதியாகவே வாங்கிவிடலாம். ஆனால் பொதிக்குள் இருப்பதை முகர்ந்து பார்க்கவும் முடியாது, நகத்தால் கிள்ளிப் பார்க்கவும் முடியாது. எப்போது வந்த சரக்கு என்று கேட்பதற்கு அங்கே ஆளும் இல்லை. கண்டி மத்திய சந்தையிலும் மாத்தளைக் கடைவீதியிலும், கம்பளை, ஹட்டன், பதுளை போன்ற நகரங்களின் பழைய தெருக்களிலும், சாக்கின் வாயைச் சுருட்டி விட்டுச் சரக்கைத் திறந்து வைத்து விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே வாங்குவதன் சுகம் விலை குறைவு என்பதில் இல்லை, சில பொருள்களுக்கு விலை கூடவும் இருக்கும். பொருளைத் தொட்டு, உடைத்து, முகர்ந்து, வேண்டிய அளவுக்கு மட்டும் நிறுத்து வாங்கலாம் என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சுகத்தை முழுமையாகப் பெறுவதற்குச் சில பழக்கங்கள் உதவும்.

முதலில் கடையைத் தெரிந்தெடுக்க வேண்டும். சரக்குக் கடையின் தரத்தை அதன் அலங்காரத்தில் தேடுவதில் பயனில்லை. சரக்கு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதே முக்கியம். அரை மணி நேரத்துக்குள் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவரும் கலியாண வீட்டுக்கு வாங்க வந்த ஒருவரும் வந்து போகிற கடையில், மிளகும் மல்லியும் பழையதாகிக் கிடக்க வாய்ப்புக் குறைவு. வெயில் விழும் வாசற்படியில் கண்ணாடிப் போத்தல்களில் மாதக்கணக்காக அடுக்கி வைத்திருக்கும் கடை பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் வெளிச்சமும் சூடும் வாசனை எண்ணெயைத் தின்றுவிடும். ஒன்றிரண்டு சாக்குகள் அடிப்பக்கம் தெரியும் அளவுக்குக் காலியாகி இருந்தால் அதை நல்ல அறிகுறியாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

கூட்டம் இல்லாத காலை நேரத்தில் செல்வது நல்லது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரத்திலும், தோட்டங்களில் சம்பளம் போட்ட அடுத்த நாளிலும் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. மற்ற நாள்களில் "முதலாளி" என்றோ, முஸ்லிம் கடைக்காரராயின் "நானா" என்றோ அழைத்து, "இது எந்தப் பக்கத்துச் சரக்கு, எப்ப வந்தது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பிடி எடுத்துக் கையில் கொட்டிக் காட்டுவார்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். முகர்ந்து பார்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு: ஏலக்காய், வசுவாசி (சாதிபத்திரி), கறுவா முதலிய மென்மையானவற்றை முதலில் பார்த்து, கராம்பையும் மிளகையும் அதன் பின் பார்த்து, செத்தல் மிளகாயைக் கடைசிக்கு விடவேண்டும். மிளகாய்ச் சாக்கில் முகத்தை வைத்துத் தும்மிய மூக்கு, அதன் பிறகு ஏலக்காய்க்கும் காய்ந்த புல்லுக்கும் வித்தியாசம் சொல்லாது. கடைக்குள் எல்லா வாசனையும் கலந்து நிற்பதால், சந்தேகம் வரும்போது பொருளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வாசலுக்கு வந்து முகர்வது சரியான வழி.

கறுவாவை மலையகத்தின் பயிர் என்று வெளியூரார் நினைப்பதுண்டு. உண்மையில் அது பெருமளவில் விளைவது காலி, மாத்தறை முதலிய தென் மாவட்டங்களில். கண்டிக் கடைக்கு அதுவும் லொறியில் வந்து சேரும் சரக்குதான். இலங்கைக் கறுவாவின் உட்பட்டையை மிக மெல்லியதாக உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சுருட்டுகிறார்கள். ஆகவே குச்சியின் வெட்டு முனையைப் பார்த்தால் நெருக்கமான பல அடுக்குகள் தெரியும். இரு விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினால் நொறுங்கும். காசியா எனப்படும் வேற்றினப் பட்டை தடித்த ஒற்றைச் சுருளாக, கையால் உடைக்க முடியாத கடினத்தோடு இருக்கும். அதில் கூமரின் என்னும் பொருள் அதிகம் என்பதும், தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் அது ஈரலைப் பாதிக்கக்கூடும் என்பதும் அறியப்பட்டவை; இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு. 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்கு, அந்த இடத்துப் பொருளுக்கே உரிய பெயர்ப் பாதுகாப்பான புவிசார் குறியீட்டை வழங்கியது. இந்த நாட்டுப் பொருள் ஒன்றுக்கு அங்கீகாரம் அவ்வாறு கிடைத்தது அதுவே முதல் தடவை. தரங்களில் 'அல்பா' உயர்ந்தது, அதன் குச்சி 6 மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டம் உடையது. பரிசாகக் கொடுக்க வேண்டுமானால் அதை வாங்கலாம். பருப்புக் கறிக்கும் இறைச்சிக் குழம்புக்கும் உடைந்த கறுவாத் துண்டுகளே போதும். வாசனையில் குறைவில்லை, விலையில் நல்ல குறைவு உண்டு.

மிளகுதான் இந்தப் பகுதியின் சொந்தச் சரக்கு. மாத்தளை, கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் கிளிரிசீடியா மரங்களைப் பற்றி ஏறும் கொடியிலிருந்து பச்சைச் சரங்களைப் பறித்து, உதிர்த்து, வெயிலில் காயவிடும்போது தோல் சுருங்கிக் கறுக்கிறது. இலங்கை மிளகுக்குக் காரம் கூட, காரணம் அதிலுள்ள பைப்பரின் என்னும் பொருளின் மிகுதி. வாங்கும்போது ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பி மெதுவாக ஊதிப் பாருங்கள். உள்ளே பருப்பில்லாத சப்பி மிளகு பறந்துவிடும், முற்றிய மிளகு அசையாது. பின்னர் ஒரு மணியைப் பல்லுக்கிடையில் வைத்து உடைத்தால், முதலில் எலுமிச்சையும் மரப்பிசினும் கலந்ததொரு மணம் மூக்கின் பின்புறத்தில் ஏறி, அதற்குப் பிறகே காரம் நாக்கில் பரவ வேண்டும். மணமே இல்லாமல் காரம் மட்டும் தெரிந்தால் அது பழைய மிளகு. காய்ந்த பப்பாசி விதையை மிளகோடு கலப்பது ஊரறிந்த மோசடி. பப்பாசி விதை சற்று நீள்வட்டமாக இருக்கும், கடித்தால் மிளகின் காரம் இருக்காது. சந்தேகம் தீராவிட்டால் வீட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். நிறைந்த மிளகு பெரும்பாலும் அமிழும், சப்பியும் பப்பாசி விதையும் மிதக்கும். வெள்ளை மிளகு வேறு கொடியினது அல்ல. பழுத்த மிளகை ஊறவைத்துத் தோலை நீக்கினால் அதுவாகும். ரசத்துக்கும் ஆட்டிறைச்சிக்கும் கறுப்பு மிளகை விட்டு அதை எடுப்பதில் எனக்கு நாட்டமில்லை.

கராம்பில் தலையைப் பார்க்க வேண்டும். நான்கு இதழ்களுக்கு நடுவே சிறிய உருண்டை மொட்டு உதிராமல் இருப்பது கவனமாக உலர்த்தியதற்கு அடையாளம். காம்பை நகத்தால் அழுத்தினால் நகத்தில் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். எண்ணெய் வடித்து எடுக்கப்பட்ட கராம்பைச் சாக்கில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், தண்ணீரில் போட்டால் காட்டிக் கொடுக்கும்: நல்ல கராம்பு அமிழும் அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும், வடித்தது படுத்து மிதக்கும்.

இலங்கையில் சாதிக்காய் பெரும்பாலும் கண்டி மாவட்டத்திலேயே விளைகிறது என்பதால், ஓட்டோடு கேட்டு வாங்குங்கள். காதருகில் வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்க வேண்டும். நன்றாகக் காய்ந்தால்தான் அது ஓட்டை விட்டுக் கழன்று ஆடும். ஓடு நீக்கியதை வாங்கினால் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், ஏனெனில் பூச்சி புகுந்த சாதிக்காய் வெளியே முழுமையாகவும் உள்ளே மாவாகவும் இருக்கும். அதே பழத்தில் ஓட்டைச் சுற்றிப் பின்னியிருக்கும் சிவந்த வலையே வசுவாசி. காய்ந்த பின் செம்மஞ்சளாக மாறும் அதை மடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், தோல்வார் மாதிரி வளையக் கூடாது. புரியாணிக்கு ஒரு சிறு இதழே போதும் என்பதால் 10 கிராம் வாங்கினால் பல மாதம் வரும்.

ஏலக்காய் உயரமும் நிழலும் ஈரமும் வேண்டும் பயிர். நக்கிள்ஸ் மலைக்காடுகளின் நிழலில் ஒரு காலத்தில் அது பரவலாகப் பயிரிடப்பட்டது. காடு பாதுகாப்புக்குள் வந்த பிறகு அந்தச் செய்கை கட்டுப்படுத்தப்பட்டது. அந்தக் காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. கடையில் பச்சை நிறத்தைப் பார்த்து மயங்காமல் ஒரு காயைப் பிளந்து பாருங்கள். விதைகள் கறுத்து, சற்றே ஒட்டும் பசையோடு இருந்தால் வாங்கலாம். வெளிறி உதிர்ந்தால் வேண்டாம். உரித்த ஏல விதை மலிவாகக் கிடைத்தாலும் தோலை விட்டுப் பிரிந்த விதை விரைவில் மணத்தை இழக்கும்.

மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கடுகு ஆகியவை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. இவற்றில் கல்லும் குச்சியும் இல்லாமல், உள்ளங்கையில் தேய்த்தால் மணம் வந்தால் போதும். தடிமனுக்கு மல்லித் தண்ணி போடுவதற்கும் இதே மல்லிதான், கூட ஒரு துண்டு வேர்க்கொம்பு வாங்க மறக்க வேண்டாம். கொரக்காப் புளியை அமுக்கினால் இளக்கமாக இருக்க வேண்டும்.

மஞ்சளில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டபோது விலை பல மடங்கு ஏறி, மாக் கலந்த தூள் எங்கும் விற்றதை மலையகத்துக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. விலை இறங்கிய பின்னரும் மஞ்சளைத் தூளாக வாங்காமல், காய்ந்த கிழங்காக வாங்கி, ஒன்றை உடைத்து உள்ளே செம்மஞ்சள் நிறம் இருப்பதைப் பார்த்து, கண் முன்னால் அரைப்பித்துக்கொள்வதே மேல்.

அரைப்பதற்கும் ஒழுங்கு உண்டு. கடையோடு மில் இருந்தால், உங்களுக்கு முன் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய்க்குப் பிறகு மஞ்சளை விட்டால் மஞ்சளும் காரும். ஆகவே மஞ்சள் முதலில், கறித்தூள் அடுத்து, மிளகாய் கடைசி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்களக் கடைகளில் 'துனபஹ' என்று விற்கும் கறித்தூளில் வறுத்தது, வறுக்காதது என இரண்டு உண்டு: வறுத்தது இறைச்சிக்கும் மீனுக்கும், வறுக்காதது மரக்கறிக்கும் ஏற்றவை. வறுத்த தூளைச் சொந்தமாகக் கூட்ட விரும்புவோர் 250 கிராம் மல்லி, 125 கிராம் சின்னச்சீரகம், 25 கிராம் பெருஞ்சீரகம், 10 கிராம் வெந்தயம், ஒரு விரல் நீளக் கறுவா, ஒவ்வொரு தேக்கரண்டி கராம்பும் ஏலக்காயும், ஒரு கைப்பிடி அரிசி, இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை என்று தொடங்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும், ஏனெனில் மல்லி சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும்; வெந்தயம் கருகினால் முழுத் தூளும் கசக்கும்.

மாத்தளை வீதியிலும் மாவனெல்லைப் பக்கத்திலும் உள்ள வாசனைத் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிளகுக் கொடியையும் சாதிக்காய் மரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட அவை நல்ல இடங்கள், வழிகாட்டிகளும் பொறுமையாக விளக்குகிறார்கள். ஆனால் சுற்றிப் பார்த்து முடிந்ததும் வழி நேராக விற்பனை அறைக்குள்தான் போகும், அங்கே விலை சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்ட விலை. மரத்தை அங்கே பார்த்துவிட்டுச் சரக்கைச் சந்தையில் வாங்குவதில் தவறில்லை.

வாங்கியதை வீட்டில் எப்படி வைப்பது என்பது கண்டியில் ஒரு மாதிரி, நுவரெலியாவில் இன்னொரு மாதிரி. 1,800 மீற்றருக்கு மேலே, மூடுபனி அடுப்படிக்குள்ளும் வரும் ஊரில், தாள் சரையில் கட்டி வந்த சரக்கை அப்படியே வைத்தால் ஈரம் பிடித்து, செத்தல் மிளகாயின் காம்படியில் முதலில் பூஞ்சணம் தெரியும். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிக் காயவைக்காமல் எறிந்துவிட வேண்டும். அங்குள்ளவர்கள் ஒரு தடவையில் 50 அல்லது 100 கிராமுக்கு மேல் வாங்காதிருப்பதும், வந்த அன்றே சூடு குறைந்த தாச்சியில் சற்றுப் புரட்டி, நன்றாக ஆறிய பின் இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போடுவதும் நல்லது. போத்தலை அடுப்புக்கு மேலேயுள்ள தட்டில் வைக்க வேண்டாம், ஏனெனில் கொதிக்கும் சட்டியின் ஆவி நேரே அங்கேதான் ஏறும். ஏலக்காய், கராம்பு, வசுவாசி ஆகியவற்றைப் புரட்டவும் வேண்டாம். அவற்றை வாங்கி வந்தபடியே போத்தலில் இட்டு, வெளிச்சம் படாத அலுமாரிக்குள் வைத்து, சமைக்கும் நேரத்தில் மட்டும் இடித்துச் சேர்க்க வேண்டும்.